‘கொ’ உடையாத கருவியைத் தேடு

சனிக்கிழமை மாலைகளில் ஜோகூரின் ஸ்கூடாயில் இளைஞர்களோடு உட்காருவது என் வழக்கம். எழுத்து, குரல், படம், அசைவு எல்லாவற்றையும் ஒரே இழையில் கோத்துப் பல்லூடகப் படைப்பு செய்வது எப்படி என்று பேசுவோம். ஒவ்வொரு முறையும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: “ஐயா, எந்த சாப்ட்வேர் வாங்கணும்?”

சென்ற மாதம் அதைக் கேட்டவள் மாசாயிலிருந்து வந்த ஒரு தங்கை. கல்லூரித் திட்டப்பணிக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள் அவளுடைய பாட்டி. நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தது, ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தையை விட்டுவிட்டு நெற்றி விளக்கோடு நிரைக்குப் போனது, மழை வந்தால் அன்றைய பாலும் கூலியும் சேர்ந்து கரைந்தது எல்லாம் அவர் நினைவில் அப்படியே இருக்கின்றன. அந்தத் தோட்டம் இன்று இல்லை. அங்கே தாமான் வந்துவிட்டது, கடைவீடுகள் வந்துவிட்டன. தோட்டம் மிச்சமிருப்பது எண்பத்தொரு வயதுக் குரல் ஒன்றில் மட்டும். அந்தக் குரலில் ஒரு நிமிடத்தைக்கூடத் தங்கை அதுவரை பதிவு செய்திருக்கவில்லை. பணம் சேர்த்து, மாதச் சந்தா கட்டி, ‘புரொஃபெஷனல்’ மென்பொருள் வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று எட்டு மாதமாகக் காத்திருந்தாள்.

எட்டு மாதம்! கேட்டதும் எனக்கு நெஞ்சு பதறியது. உனக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். நீயும் ஏதோ ஒரு விலைப்பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு, மூடி வைத்திருப்பாய். இந்தக் கட்டுரை உனக்காகத்தான். கையில் இருக்கும் கைப்பேசியை எடுத்துப் பார். அதில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது, படக்கருவி இருக்கிறது, தமிழில் தட்டச்சு செய்ய விசைப்பலகை இருக்கிறது. உனக்கு முந்தைய தலைமுறை இவற்றில் ஒன்றுக்காக ஆண்டுக்கணக்கில் போராடியது.

அந்த விசைப்பலகையின் கதையைக் கொஞ்சம் நின்று கேள். கேரித் தீவு நம் ஜோகூரிலிருந்து சில மணி நேரப் பயணம்தான்; சிலாங்கூர்க் கடலோரத் தோட்டப்புறம். அங்கே பிறந்தவர் முத்து நெடுமாறன். 1980களில் கணினியில் தமிழ் எழுத வேண்டும் என்று அவருக்கு ஆசை. எந்தக் கடையில் வாங்குவார்? விற்பனைக்கு வசதியாக ஒன்றும் காத்திருக்கவில்லை. தானே எழுதினார். 1985-இல் முரசு அஞ்சல் பிறந்தது. பின்னர் அது சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்குப் போனது. 2005 பொங்கலன்று கைப்பேசிக்குச் செல்லினம் வந்தது. 2013-இல் வெளிவந்த ஐ.ஓ.எஸ். 7-இல் அஞ்சல் விசைமுகம் ஐபோனுக்குள்ளேயே ஏறியது. உலகத்தின் எந்த மூலையில் ஒரு தமிழர் ஐபோன் வாங்கினாலும், பெட்டியைத் திறக்கும்போதே ஒரு மலேசியத் தமிழரின் உழைப்பு அவர் கைக்கு வந்துவிடுகிறது. கருவி இல்லை என்று அவர் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1996-இல் நம் நாடு பல்லூடகப் பெருவழித்தடம் என்ற பெருங்கனவைத் தொடங்கியது. அதன் முதன்மைத் திட்டங்களில் ஒன்று விவேகப் பள்ளி. 1999-இல் முன்னோட்டப் பள்ளிகளில் அது நடைமுறைக்கு வந்தபோது மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்குக் கணினிப் பாடப்பொருள்கள் உருவாயின. அந்த நான்கில் தமிழ் இல்லை. இதைச் சொல்லி யாரையும் குறை கூறுவது என் நோக்கமன்று. நமக்கான பாடத்தை, நமக்கான கதையை, நம் பிள்ளைகள் திரையில் தொட்டுப் படிக்க வேண்டிய தமிழை நாம்தான் செய்தாக வேண்டும் என்பது கால் நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்துபோன செய்தி. ஜோகூரில் மட்டும் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள். அத்தனை வகுப்பறைக்கும் யார் செய்வது? நீதான்.

சரி, எந்த மென்பொருள்?

முதலில் ‘கொ’ என்று தட்டிப் பார். சிரிக்காதே, இது பத்து நிமிடத் தேர்வு. பல ஆயிரம் வெள்ளி மென்பொருள்கூட இதில் தோற்றுப்போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். யூனிகோடு முறையில் ‘கெ’ என்ற எழுத்தைக் கணினி சேமிக்கும்போது முதலில் ககரம், அடுத்து ஒற்றைக் கொம்பு என்ற வரிசையில்தான் வைக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். ‘கொ’வுக்கு இன்னும் வேலை அதிகம், கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ககரம். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு தனியே பிரிந்து, பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டு அநாதையாக நிற்கும். கோயில் திருவிழாப் பதாகைகளில் ‘கோ’ சிதைந்து தொங்குவதைப் பார்த்து உன் வயிறு எரிந்திருக்குமே, காரணம் பெரும்பாலும் இதுதான். விளம்பரம் அழகாக இருக்கிறது, நண்பன் பயன்படுத்துகிறான், யூடியூபில் புகழ்கிறார்கள் என்பதையெல்லாம் தள்ளி வை. கொக்கு, கோழி, கைவினை, ஸ்ரீ, பௌர்ணமி என்று ஐந்து சொல்லைத் தட்டு. உடையாமல் வந்தால் உள்ளே விடு. உடைந்தால், அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பு வசதி ஒளிந்திருக்கிறதா என்று பார். இல்லஸ்ட்ரேட்டர், போட்டோஷாப் போன்றவற்றில் அதைத் தேர்ந்தெடுத்தால் பல சிக்கல்கள் தீரும். அப்படியும் உடைந்தால், விலை எவ்வளவானாலும் அந்தக் கருவி உன் தலைப்பு எழுத்துகளுக்கு ஆகாது.

அதற்காக அதை முழுவதும் ஒதுக்கவும் வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம்; தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது. தலைப்பை அதில் எழுது, எழுத்தைக் கோட்டுருவாக மாற்று, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமி. இனி அது எழுத்தன்று, வரைபடம். தமிழ் தெரியாத முப்பரிமாண மென்பொருளுக்குள் அதைக் கொண்டுபோனாலும் கொம்பு கழன்று விழாது. வழி அடைத்திருந்தால் சந்து வழியாகப் போகத் தெரிந்தவன்தான் படைப்பாளி.

எழுத்துருவுக்கும் பணம் வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், மீரா இனிமை, பவனம், ஹிந்த் மதுரை என்று திறந்த உரிமத்தில் நல்ல எழுத்துருக்கள் கிடைக்கின்றன. உன் படைப்பில் பதித்து, விற்கவும் செய்யலாம். ஒரு படைப்புக்கு இரண்டு எழுத்துரு போதும். ஐந்து வைத்தால் உறுமி மேளத்துக்குள் நாதஸ்வரம், பியானோ, கிட்டார் எல்லாம் ஒன்றாகப் புகுந்த கதைதான்.

அடுத்தது எனக்கு வலிக்கும் இடம். 2000களின் தொடக்கத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சிறுவர்களுக்காக ஒரு குறுவட்டு செய்தோம். கதை, பாட்டு, எழுத்து விளையாட்டு எல்லாம் உண்டு. ஆறு மாத இரவுகள். இறுதிக் கோப்பை வட்டில் எழுதியதும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். மூலப் பதிவுகளை யாரும் எடுத்து வைக்கவில்லை. எழுத்தை அன்றைய பழைய எழுத்துரு முறையில் தட்டியிருந்தோம். இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிகிறது. அந்தக் குறுவட்டில் பாடிய குழந்தைகளுக்கு இப்போது குழந்தைகள் இருக்கின்றன. அவர்களுக்குப் போட்டுக் காட்ட ஒன்றும் இல்லை. பிழை முழுவதும் எங்களுடையது. நீ அதைச் செய்யாதே!

கருவிகள் சாகும் என்பதை மனத்தில் எழுதிக்கொள். 1987-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஹைப்பர்கார்டு உலகையே வியக்க வைத்தது. 2004-இல் அதன் விற்பனை நின்றது. ஆத்தர்வேர், டைரக்டர் என்று பல்லூடக உலகை ஆண்ட பெயர்கள் இன்றைய மாணவனுக்குத் தெரியாது. ஃபிளாஷ்? இணையத்தில் ஆடிய, ஓடிய, பேசிய பெரும்பகுதி ஒருகாலத்தில் ஃபிளாஷ்தான். 2005-இல் அதை வைத்திருந்த மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதி ஃபிளாஷ் பிளேயருக்கு ஆதரவு முடிந்தது; 2021 ஜனவரி 12 முதல் அந்தக் கோப்புகளை அது ஓடவிடாமலே தடுத்தது. உலகம் முழுவதும் ஆசிரியர்கள் செய்துவைத்த எத்தனை பாடங்கள் ஒரே நாளில் ஊமையாயின! எம்.ஐ.டி.யின் ஸ்கிராட்ச் முன்னரே விழித்துக்கொண்டது. 2019 ஜனவரியில் மூன்றாம் பதிப்போடு ஃபிளாஷைக் கைவிட்டு, உலாவியே புரிந்துகொள்ளும் எச்.டி.எம்.எல். 5-க்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைகள் செய்த விளையாட்டுகள் பிழைத்தன.

ஆகவே மென்பொருளை வாடகை வீடாக நினை. என்றாவது காலி செய்யச் சொல்வார்கள். கிளம்பும்போது தூக்கிக்கொண்டு போகும் பெட்டி உன்னிடம் இருக்க வேண்டும். குரலை டபிள்யூ.ஏ.வி. கோப்பாக வை, ஒரு நிமிட இருவழி ஒலி ஏறத்தாழ 10 மெகாபைட் பிடிக்கும், பிடிக்கட்டும். பாட்டியின் பழைய புகைப்படத்தை 600 புள்ளி அடர்த்தியில் வருடி எடு. நான்குக்கு ஆறு அங்குலப் படம் 2400-க்கு 3600 படப்புள்ளியாக விரியும், கண்ணோரச் சுருக்கம்வரை தெரியும். பேச்சை யூனிகோடில் வெறும் உரைக் கோப்பாகத் தட்டி வை. இந்தப் பெட்டியை இரண்டு இடத்தில் வை, ஒன்று உன் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். படைப்பு முடிந்ததும் திறக்கவேண்டியது மென்பொருளின் கோப்பை மட்டுமன்று, இந்தப் பெட்டியையும்தான். வேறு கணினியில் வேறு கருவியில் திறந்து பார். திறந்தால் நீ சுதந்திரமானவன்.

இனி, உன் படைப்பை யார் பார்க்கப்போகிறார்கள்? லாபிஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி. அவள் கையில் அம்மாவின் பழைய கைப்பேசி. முன்கட்டணத் தரவு மாதக் கடைசியில் தீர்ந்துவிடும். அவளை மனத்தில் உட்கார வைத்துக்கொண்டு கருவியைத் தேர்ந்தெடு. கிளை பிரியும் கதை என்றால் டுவைன் போதும். இலவசம், முடிந்ததும் ஒற்றை எச்.டி.எம்.எல். கோப்பாக வந்துவிடும். காணொளியின் நடுவே கேள்வி கேட்க, படத்தைத் தொட்டால் குரல் பேச, சொற்களை இழுத்துப் பொருத்த எச்5பி இருக்கிறது. நார்வேயில் உருவாகி உலகப் பள்ளிகளில் பரவிய திறந்த மூலக் கருவி. அதைக் கணினியில் இணையம் இல்லாமலே இயக்க லூமி என்ற இலவசச் செயலி உண்டு. அதுவும் ஒற்றைக் கோப்பாக வெளியிடும். பென்டிரைவில் போட்டுப் பள்ளிக்குக் கொடுத்தால் இணையமின்றியும் ஓடும். ஒலி வெட்ட ஆடாசிட்டி. 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகவே இருக்கிறது. படம் திருத்த கிம்ப், வரைய கிரிட்டா, காணொளி வெட்ட கேடன்லைவ். இதற்குமேல் நான் பெயர்களை அடுக்க மாட்டேன். கருவிப் பட்டியல் சேர்ப்பதே ஒரு போதை; அதில் விழுந்தவர்கள் படைப்பதில்லை.

‘இலவசக் கருவியில் செய்தால் தரம் வருமா?’ என்று உள்ளுக்குள் ஒரு குரல் முனகுகிறது அல்லவா? அதன் வாயை இன்றோடு அடைத்துவிடலாம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் 2002-இல் மூடப்பட்டது. அதை உருவாக்கிய டான் ரூசன்டால் பொதுமக்களிடம் கை நீட்டினார். ஏழே வாரத்தில் ஒரு இலட்சம் யூரோ சேர்ந்தது. மென்பொருள் விடுதலையானது, அன்றிலிருந்து யாருக்கும் இலவசம். அதே பிளெண்டரில் லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் ‘ஃப்ளோ’ என்ற படத்தைச் செய்தார். வெள்ளத்தில் தத்தளிக்கும் ஒரு பூனையின் கதை, ஒரு வசனமும் கிடையாது. 2025-இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருதை அது வென்றது. லாட்வியாவின் மக்கள்தொகை எவ்வளவு தெரியுமா? 20 இலட்சம்கூட இல்லை. மலேசிய இந்தியர்கள் நாம் ஏறத்தாழ 20 இலட்சம்! அவர்களிடம் இருந்த மென்பொருள் உன் மடிக்கணினியிலும் இன்றிரவே இறங்கும். ஆள் பலமும் குறைவில்லை. கருவியும் குறைவில்லை. பிறகு என்ன குறை?

இடம்தான் குறை, நாம் ஓரத்தில் கிடக்கிறோம் என்கிறாயா? இஸ்கண்டார் புத்ரியில் பைன்வுட் பெயரில் எழுந்த படப்பிடிப்பு வளாகத்தை நினைத்துப் பார். 2014-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘மார்க்கோ போலோ’ தொடருக்காக 13-ஆம் நூற்றாண்டுக் குப்ளாய் கானின் அரண்மனை அங்கேதான் எழுந்தது. மங்கோலியப் பேரரசு நம் ஜோகூர் மண்ணில் எழ முடியுமானால், உன் பாட்டியின் லயத்து வீடு எழக்கூடாதா?

பொருள் தேடும்போது ஒரு கண்டிப்பு. சினிமாப் பாட்டை எடுத்துப் பின்னணியில் ஓட்டாதே. அது இன்னொருவரின் உழைப்பு, 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதைக் காக்கிறது. அதைவிட, தோட்டத்துக் கதைக்குச் சென்னையில் மெட்டமைத்த சோகப் பாட்டு எதற்கு? தைப்பூசத்துக்கு ஊரையே அதிர வைக்கும் உறுமி மேளக் குழு உன் தாமானிலேயே இருக்கும். போய்க் கேள், ஒத்திகையைப் பதிவு செய்துகொள்ள அனுமதி எழுதி வாங்கு, படைப்பின் முடிவில் அவர்கள் பெயரைப் பெரிதாகப் போடு. உலகத்தில் வேறெந்த மென்பொருள் நூலகத்திலும் அந்த ஒலி கிடைக்காது. செம்பனைக் காட்டு மழை, தகரக் கூரைச் சத்தம், வாளியில் பால் ஊற்றும் ஓசை எல்லாம் உன் கைப்பேசிக்காகக் காத்திருக்கின்றன.

படம் தேவைப்பட்டால் விக்கிமீடியா காமன்ஸ் இருக்கிறது. பழந்தமிழ் நூல் உரை தேவைப்பட்டால் 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. ஆனால் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தின் குறிகளைப் படித்துப் புரிந்துகொள். சிலவற்றுக்குப் பெயர் குறிப்பிட்டால் போதும். சிலவற்றை எடுத்தால் உன் படைப்பையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். சிலவற்றை வணிகத்துக்குத் தொடக்கூடாது, சிலவற்றை மாற்றவே கூடாது. எடுத்த நாளிலேயே எங்கிருந்து, யாருடையது, எந்த உரிமம் என்று ஒரு நோட்டில் எழுதிவிடு. கடைசி நாளில் தேடினால் கிடைக்காது. பாட்டியிடமும் அனுமதி கேள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவர் வாழ்க்கை உனக்குக் கிடைத்த ‘கன்டென்ட்’ மட்டுமன்று.

காசு கொடுத்து வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. வேலை வளர்ந்து, இலவசக் கருவி உன் கையைக் கட்டுகிறது என்று நீயே உணரும் நாளில் தயங்காமல் வாங்கு. எந்த வசதிக்காக வாங்குகிறாய் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் அந்தப் பணம் வீணாகாது. ஆனால் பூட்டு உடைத்த திருட்டுப் பிரதி வேண்டவே வேண்டாம். அதோடு ஒட்டிவரும் கிருமி உன் கணினியைத் தின்னும். ‘நான் செய்தேன்’ என்று நிமிர்ந்து சொல்லும் உரிமையையும் அது தின்னும்.

இத்தனையும் அன்று மாலை மாசாய்த் தங்கையிடம் சொன்னேன். பாட்டியின் குரலைப் பதிவு செய்யும் முறையையும் சொன்னேன்: கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்று, மின்விசிறியை நிறுத்து, சன்னல் கதவை மூடு. கைப்பேசியைப் பாட்டியின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு தலையணை மேல் வை. படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், குரல் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். ‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்று கேட்காதே, பாட்டி திகைத்துப்போவார். முதல் நாள் பிரட்டுக்குப் போகும்போது என்ன பசியாறினீர்கள் என்று கேள். பிறகு வாயை மூடிக்கொண்டிரு. அவர் மௌனமாகும் இடத்திலும் பதிவை நிறுத்தாதே.

அவள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பாட்டி எட்டரை மணிக்கெல்லாம் படுத்துவிடுவாராம். மணி ஆறு ஆகியிருந்தது. பயிலரங்கு முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.